நிறுத்திய கரண்டும் போன கரண்டும்

2024 செப்டம்பர் 12 இரவு பத்து மணி வாக்கில் மணலி துணை மின்நிலையத்தில் தீப்பிடித்தது. அலமாதியிலிருந்து வரும் இரண்டு ஃபீடர்கள் ட்ரிப் ஆகி, சென்னை நகரின் பெரும்பகுதி ஒரே நேரத்தில் இருட்டில் மூழ்கியது. அண்ணா சாலையும் மயிலாப்பூரும் அப்படி அணைந்து கிடந்ததைப் பார்த்து நகரமே அதிர்ந்தது. நிலைமை முழுவதும் சீராக நள்ளிரவு தாண்டிவிட்டது. திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவே இருக்கும் சாத்தாங்காட்டுக்காரர்களுக்கு இது கிட்டத்தட்ட அடுத்த தெரு விவகாரம்.

அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2023 டிசம்பர் முதல் வாரத்தில், மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோதும் இதே பகுதியில் கரண்ட் இல்லை. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பித் தெருக்களில் தண்ணீர் ஏறியது. மணலி எண்ணெய் ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் எர்ணாவூர், எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்தது. சுவர்களில் கறுப்புக் கோடு விழுந்தது. அப்போது பல இடங்களில் கரண்ட் தானாகப் போகவில்லை. தெருவோர மின்விநியோகப் பெட்டிகளான பில்லர் பாக்ஸ்கள் தண்ணீரில் நின்றதால் மின்வாரியமே திட்டமிட்டு நிறுத்தி வைத்தது. அப்படியும் சென்னையில் அந்த மழையில் இறந்தவர்களில் மின்சாரம் தாக்கி இறந்தவர்களும் உண்டு.

வீட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபேன் நிற்கிறது, குழந்தை அழுகிறது, கொசு வருகிறது. ஆனால் செப்டம்பர் இரவில் ஜெனரேட்டரைப் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. டிசம்பர் வெள்ளத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில் பிளக் பாயின்ட்டுகள் நனைந்து கிடக்கும் வீட்டில், அதே ஜெனரேட்டர் தானாகக் கிளம்பினால் மின்வாரியம் வெளியே நிறுத்திய ஆபத்தை அந்த வீடு உள்ளே தயாரித்துக் கொள்கிறது. போன கரண்டுக்கும் நிறுத்திய கரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மனிதருக்குத் தெரியும். ஏடிஎஸ் என்று கடைகளில் விற்கப்படும் தானியங்கி மாற்று சுவிட்சுக்குத் தெரியாது. அது வோல்ட்டை மட்டும்தான் பார்க்கிறது.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வீட்டு ஜெனரேட்டருக்கு ஏடிஎஸ் வாங்குவதா, வாங்கினால் எப்படிப்பட்டது என்று யோசிக்க வேண்டும். கடைகளில் பேச்சு நேர்மாறாகத் தொடங்குகிறது. “பத்தே செகண்ட்ல கரண்ட் வந்துடும் சார், நீங்க சேர விட்டு எழுந்திருக்க வேணாம்” என்பதுதான் முதல் வாக்கியம். சௌகரியத்துக்கு விலை சொல்லி முடித்த பிறகு, பாதுகாப்பு பில்லின் கடைசி வரியில் கூட வருவதில்லை.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மீட்டரிலிருந்து வரும் ஈபி (மின்வாரிய) லைன் ஒரு பக்கம், ஜெனரேட்டர் லைன் இன்னொரு பக்கம், வீட்டு லோடு நடுவில். ஒரு சமயத்தில் வீடு ஏதாவது ஒன்றோடுதான் சேர்ந்திருக்க முடியும். இதையே கைப்பிடியைத் திருப்பிச் செய்வதுதான் பழைய சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒன்று, பூஜ்யம், இரண்டு என்று மூன்று நிலை அதில் இருக்கும். தானியங்கியில், ஈபி வோல்டேஜ் விழுந்ததை ஒரு கண்ட்ரோலர் கவனிக்கிறது. சில விநாடி பொறுத்துப் பார்க்கிறது. பிறகு ஜெனரேட்டருக்குச் செல்ஃப் கொடுக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பொதுவாக மூன்று முறை முயல்கிறது. வோல்டேஜும் ஹெர்ட்ஸும் நிலைத்ததும் லோடை மாற்றிவிடுகிறது. ஈபி திரும்பியதும் உடனே தாவாமல் சில நிமிடம் காத்திருந்து மாறுகிறது. ஜெனரேட்டரைச் சும்மா கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு தணிந்ததும் அணைக்கிறது. பெரிய ஜென்செட்டுகளோடு வரும் ஏஎம்எஃப் பேனல் செய்வதும் இதேதான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. அதன் குட்டி வடிவம் வீட்டு மீட்டர் போர்டுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டில் மிக முக்கியமான வேலை, ஜெனரேட்டரைக் கிளப்புவது இல்லை. ஈபி லைனும் ஜெனரேட்டர் லைனும் எந்த நிலையிலும், எந்தப் பழுதிலும் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. அது தவறினால் என்ன ஆகும் என்பதை வயரிங் தெரிந்தவர்கள் கூடச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்கித் தருகிறது. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 250. டிரான்ஸ்ஃபார்மருக்கு மேல், கீழ் என்ற பேதம் கிடையாது. வீட்டு ஜெனரேட்டர் கீழ்ப்பக்கம் 230 வோல்ட் கொடுத்தால் மேல்பக்கம் பத்தாயிரம் வோல்ட் அளவில் எழும்பும். சின்ன ஜெனரேட்டர் என்றால், தெரு முழுவதும் உள்ள வீடுகளின் லோடு ஒரேயடியாக ஏறி அது மூச்சடைத்து நின்றுவிடும் என்று எலெக்ட்ரீஷியன்கள் சமாதானம் சொல்வார்கள். பல சமயம் அப்படி நிற்கவும் செய்யும். ஆனால் பழுது பார்க்க வந்தவர்கள் பில்லர் பாக்ஸில் ஃபியூஸைப் பிடுங்கி நாலைந்து வீடுகளை மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருந்தால்? அந்த நாலு வீடும் பூட்டிக் கிடந்தால்? ஜெனரேட்டர் நிற்காது. செத்த லைன் என்று நம்பிக் கை வைப்பவர் உயிரோடு இருக்கும் லைனில் கை வைக்கிறார்.

இது கற்பனை இல்லை. 2005 ஜூலையில் டென்னிஸ் புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லைன் சரிசெய்யப் போன வெளிமாநில லைன்மேன் ஒருவர், யாரோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வந்த கரண்டில்தான் இறந்தார். 

நம் ஊரில் புயலுக்குப் பஞ்சமில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைத் தாண்டியபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. வடசென்னையில் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் விழுந்தன. அந்தச் சமயம் வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் வண்டியில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். அவசரத்துக்கு அது பெரிய உதவி. அதே தெருக்களில் வேறு மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள், முன்பின் பார்த்திராத கம்பங்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

லைனில் கரண்ட் இல்லை என்ற உறுதி (லைன் கிளியர்) வாங்கி, லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராட் மாட்டிவிட்டு வேலை செய்தால் ஒன்றும் ஆகாது என்பது சரியான வாதம்தான். விதிமுறை அப்படித்தான். ஆனால் கொட்டும் மழையில், நாலாபக்கமும் ஜனங்கள் திட்டிக்கொண்டு நிற்க, தாழ்வழுத்தக் கம்பத்தில் ஒவ்வொரு முறையும் அதைச் செய்கிறார்களா என்றால், யாரும் நெஞ்சில் கை வைத்து ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த ராட் கையில் கொடுக்கப்படுவதே சில இடங்களில் சந்தேகம். அவருடைய கவனத்தை நம் வீட்டு வயரிங்குக்குப் பாதுகாப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

ஜெனரேட்டரை வீட்டில் கொடுக்கும் மிக மலிவான முறை எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு துண்டு வயரின் இரண்டு முனையிலும் ஊசி உள்ள 15 ஆம்ப் பிளக். ஒரு முனை ஜெனரேட்டர் சாக்கெட்டில், மறுமுனை ஏசி பாயின்ட்டில். மெயினை இறக்கிவிட வேண்டும், அதை மறக்கக் கூடாது, அவ்வளவே. ஜெனரேட்டர் ஓடும்போது அந்த வயரை ஏசி பாயின்ட்டிலிருந்து கழற்றினால், பளபளக்கும் பித்தளை ஊசிகள் 230 வோல்ட்டோடு கையில் தொங்கும். கீழே குழந்தை தவழும் வீட்டில் இதைச் செய்பவரும் உண்டு. மெயினை இறக்கியவர் கடைக்குப் போயிருக்க, ஈபி வந்துவிட்டதா பார்ப்போம் என்று வீட்டில் வேறொருவர் மெயினை ஏற்றினால் முடிந்தது. இந்த ஒரு துண்டு வயரை ஒழிப்பதற்காக மட்டுமே ஒருவர் ஏடிஎஸ் வாங்கினாலும் காசு வீண் இல்லை.

ஆனால் அதை ஒழிக்க ஏடிஎஸ்தான் வேண்டும் என்று இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டருக்குப் பக்கத்தில், சரியான ஆம்பியரில், நல்ல கம்பெனி கைச் சேஞ்ச்ஓவர் போதும். விற்பவர்களுக்குப் பிடிக்காத பேச்சு இது. அந்தப் பத்து விநாடி யாருக்குத் தேவை என்று கேட்டுப் பார்க்கலாம். ஃப்ரிட்ஜுக்கு இல்லை, கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் உள்ளே குளிர் நிற்கும். ஏசிக்கு இல்லை, கம்ப்ரஸர் நின்று உடனே கிளம்பினால்தான் அதற்குக் கெடுதல். படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுகிறது என்றால் அதற்குப் பத்து விநாடியே அதிகம். அங்கே முதலில் வர வேண்டியது இன்வெர்ட்டர். அது விநாடியில் ஒரு துளி நேரத்தில் மாறிவிடும். விளக்கு, ஃபேன், வைஃபை, கான்சென்ட்ரேட்டர் எல்லாம் இன்வெர்ட்டரில். மோட்டாரும் ஃப்ரிட்ஜும் ஏசியும் ஜெனரேட்டரில். நடுவே ஒரு கைச் சேஞ்ச்ஓவர். இந்த ஏற்பாட்டில் கரண்ட் போனால் யாரும் இருட்டில் தடுமாற வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் கழித்து நிதானமாகப் போய், தெருவில் தண்ணீர் நிற்கிறதா, வீடு நனைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஜெனரேட்டரைப் போடலாம். அந்த ஐந்து நிமிட யோசனையைத்தான் எந்தப் பெட்டியும் விலைக்குத் தர முடியாது.

அப்படியானால் தானியங்கி யாருக்கு? பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வசிக்கும் முதியவர்கள். மாடிப்படி இறங்கிப் போய் ஜெனரேட்டரைக் கிளப்ப முடியாதவர்கள். கீழே மருந்துக்கடையோ ஐஸ்பெட்டி நிறைய மீனோ வைத்து மேலே குடியிருப்பவர்கள். ராயபுரம், காசிமேட்டில் இவர்கள் நிறைய. இவர்களுக்கு ஏடிஎஸ் ஆடம்பரம் இல்லை.

வாங்குவது என்று முடிவு செய்தால், முதல் கேள்வி ஜெனரேட்டரைப் பற்றியது. கயிறு இழுத்துக் கிளப்பும் பெட்ரோல் ஜெனரேட்டருக்கு ஏடிஎஸ் மாட்டுவதில் அர்த்தமே இல்லை. செல்ஃப் ஸ்டார்ட், தானாக இயங்கும் சோக், வெளியிலிருந்து ‘கிளம்பு’, ‘நில்’ என்று சிக்னல் வாங்கும் வசதி மூன்றும் வேண்டும். அதைவிட முக்கியம், பேட்டரிக்கு ஓயாமல் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றும் ஏற்பாடு. ஆறு மாதம் சும்மா கிடந்த பேட்டரி புயல் இரவில் ‘கிர்’ என்று ஒரு முறை முனகிவிட்டு அடங்குவதுதான் வீட்டு ஜென்செட்டுகளின் தலையாய நோய். அடுத்தது பழைய பெட்ரோல். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டரில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தால் கிளம்பாது. வாரம் ஒரு முறையோ மாதம் இரு முறையோ தானே பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் வசதி கண்ட்ரோலரில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காலண்டரில் குறித்துக்கொண்டு நாமே ஓட்ட வேண்டும்.

பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது இன்டர்லாக். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர்வதை மின்னணு மட்டும் தடுத்தால் போதாது. ஒரு பக்கம் மூடியிருந்தால் மறுபக்கம் நகரவே முடியாதபடி இரும்பால் தடுக்க வேண்டும். மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் இரண்டு கண்டாக்டரும் (காந்தக் காயில் இழுத்து மூடும் சுவிட்ச்) ஒரு ரிலேயும்தான் உள்ளே இருக்கும். கண்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்வது அபூர்வம் இல்லை. ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்போது ரிலே மற்றதைச் சேர்த்தால், நாம் பயந்த அதே விஷயம் இப்போது தானாகவே நடக்கும். கடைக்காரரிடம் மூடியைத் திறக்கச் சொல்லி, கையால் இரண்டையும் ஒருசேர அழுத்திப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது. இரண்டும் உள்ளே போனால் வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

கண்டாக்டர் வகைக்கு இன்னொரு குறை இந்த ஊரில் தெரியும். அதன் காயில் எப்போதும் கரண்ட் வாங்கிக்கொண்டே பிடித்திருக்க வேண்டும். மே மாத இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடி வோல்டேஜ் 180-க்கு இறங்கும்போது அது கடகடவென்று அடித்துக்கொள்ளும், முனை கருகும். மோட்டார் வைத்துத் தள்ளும் சுவிட்ச் வகை, மாறும்போது மட்டும் கரண்ட் எடுக்கும்; பிறகு வோல்டேஜ் என்ன ஆனாலும் நின்ற இடத்தில் நிற்கும். கொஞ்சம் விலை கூடுதல். திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே கடல், மேற்கே ஆலைகள். கிழக்கிலிருந்து வரும் உப்புக்காற்று திருகாணிகளைத் தின்னும். கந்தகம் கலந்த காற்று வெள்ளி முனைகளைக் கறுப்பாக்கும். மணலிப் பக்கத்து வாடையைப் பற்றி இங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொல்லி வருகிறார்கள். மூக்கைத் துளைக்கும் காற்று சுவிட்ச் முனைகளை மட்டும் விட்டுவிடுமா? ஆகவே தூசியும் சாரலும் புகாத, ஐபி 54 தரமுள்ள பெட்டிக்குள் வைப்பதும், வருடம் ஒரு முறை திறந்து பார்ப்பதும் இங்கே அவசியச் செலவு.

பெட்டியின் பெயர்ப் பலகையில் ஐஎஸ்/ஐஇசி 60947-6-1 என்ற எண் இருக்க வேண்டும். மாற்று சுவிட்சுகளுக்கென்றே உள்ள தரம் அது. அதன் கீழ் ஏசி-33 என்று போட்டிருந்தால் மோட்டார் லோடைத் தாங்கும் என்று பொருள். ஏசி-31 என்றால் ஹீட்டர் போன்ற லோடுக்குத்தான். போர் மோட்டார் உள்ள வீட்டில் இரண்டாவதை மாட்டினால் முனைகள் சீக்கிரம் கருகும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல பெட்டிகளில் 63 ஆம்ப் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தர எண் மட்டும் தேடினாலும் கிடைக்காது. அப்படிப்பட்டதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஆம்பியர் கணக்கு நினைப்பதைவிட எளிது. 5 கேவிஏ சிங்கிள் பேஸ் ஜெனரேட்டர் தருவது சுமார் 22 ஆம்ப். அதற்காக 25 ஆம்ப் சுவிட்ச் போதும் என்று எடுத்துவிடக் கூடாது. வருடம் முழுவதும் அந்தச் சுவிட்ச் வழியாக ஓடப்போவது ஈபி கரண்ட். ஆகவே வீட்டு மெயினின் ஆம்பியருக்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

நியூட்ரல்தான் எலெக்ட்ரீஷியன்கள் அதிகம் கோட்டை விடும் இடம். பேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலை இரண்டுக்கும் பொதுவாக முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்போது ஈபி நியூட்ரலும் ஜெனரேட்டர் நியூட்ரலும் எந்நேரமும் ஒன்றாகவே இருக்கும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி காரணமே இல்லாமல் விழும். பொறுமை இழந்த எலெக்ட்ரீஷியன் அதைக் கழற்றி எறிவார். உயிர் காக்கும் பொருள் அதோடு போயிற்று. சிங்கிள் பேஸ் என்றால் இரண்டு துருவம் (போல்), த்ரீ பேஸ் என்றால் நான்கு துருவம் என்று நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் சுவிட்ச்தான் வாங்க வேண்டும். ஜெனரேட்டருக்குத் தனி எர்த் குழியும் வேண்டும். ஏடிஎஸ்ஸுக்குச் செலவழிப்பவர்கள் இந்தக் குழிக்குக் கணக்குப் பார்ப்பது வேடிக்கை.

த்ரீ பேஸ் வீடுகளில் இன்னொரு கூத்து நடக்கும். பல கண்ட்ரோலர்களை ஒரே ஒரு பேஸை மட்டும் பார்க்கும்படி இணைத்துவிடுகிறார்கள். நம் தெருக்களில் மூன்றும் சேர்ந்து போவதைவிட ஒரு பேஸ் மட்டும் போவதுதான் அதிகம். பேஸ் மாற்றி சுவிட்ச் இல்லாத வீடு வடசென்னையில் குறைவு. ‘ஆர்’ பேஸ் இருக்கிறது, எல்லாம் சரி என்று கண்ட்ரோலர் சும்மா இருக்க, பாதி வீடு இருட்டில் கிடக்கும். த்ரீ பேஸ் மோட்டார் இரண்டு பேஸில் ஓடிக் காயில் கருகும். மூன்றையும் பார்ப்பது, வோல்டேஜ் அளவு கடந்து ஏறினாலும் துண்டிப்பது இரண்டும் இருக்க வேண்டும். கம்பத்தில் நியூட்ரல் அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் பாய்ந்து டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் எரிந்த கதை இல்லாத தெரு கிடையாது. குறைந்த வோல்டேஜ் எல்லையை 180, 190-ல் வைப்பது நல்லது. 210 என்று வைத்தால் கோடை முழுவதும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

கூரையில் சோலார் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஈபியோடு சேர்ந்து ஓடும் சோலார் இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் கரண்டைப் பார்த்து ஈபி வந்துவிட்டது என்று நினைத்து அதற்குள்ளேயே கரண்டைத் தள்ளக்கூடும். ஜெனரேட்டருக்கு அது ஆகாது. ஏடிஎஸ்ஸுக்கு ஈபி பக்கமாகவே சோலாரை இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்டோ, ஆஃப், மேனுவல் என்று மூன்று நிலை உள்ள ஒரு திருகு சுவிட்ச் வெளியே, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வங்கக்கடலில் புயல்சின்னம் என்று செய்தி வந்ததும் அது ஆஃபுக்குப் போக வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும்போதும் அப்படித்தான். ஆளில்லாத வீட்டில் வெள்ளம் புகுந்து, மின்வாரியம் லைனை நிறுத்தி, ஏடிஎஸ் தன் கடமையைச் செய்து ஜெனரேட்டரைக் கிளப்பினால், மறுநாள் கதவைத் திறப்பவர் தண்ணீரில் கால் வைக்கும்போது அதில் கரண்ட் இருக்கும். பெட்டியையும் ஜெனரேட்டரையும் மிக்ஜாம் விட்டுப்போன கறுப்புக் கோட்டுக்கு மேலே ஏற்றி வைப்பது இங்கே யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தானாகக் கிளம்பும் ஜெனரேட்டரைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயோ மாடிப்படிக்கு அடியிலோ வைப்பதும் அதே ரகக் கொடுமை. இரவு இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கும்போது அது ஓடத் தொடங்கும். புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது, தூக்கத்தில் இருப்பவரை எழுப்பாது.

இதில் அரசின் பங்கு என்ன? 1956 இந்திய மின்சார விதிகளில் 47-ஏ என்று ஒன்று இருந்தது. ஜெனரேட்டர் வைப்பவர், ஓட்டத் தொடங்கும் முன் மின்சாரம் தருபவருக்கும் மின் ஆய்வாளருக்கும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றது அது. 10 கிலோவாட்டுக்கு மேல் என்றால் ஆய்வாளரின் எழுத்து அனுமதியும் வேண்டியிருந்தது. பிறகு 2010-லும் 2023-லும் மத்திய மின்சார ஆணையத்தின் புது விதிகள் வந்தன. விதி எதுவாக இருந்தாலும், கடையில் 5 கேவிஏ வாங்கி ஆட்டோவில் ஏற்றி வருபவர் அந்தக் கையோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய்ச் சொல்வதை யாரும் பார்த்ததில்லை. மறுபுறம், 3 கிலோவாட் சோலார் வைப்பவர் விண்ணப்பம் போட வேண்டும், இருவழி மீட்டர் மாற்ற வேண்டும். லைன் போனால் தானே அடங்கும் இன்வெர்ட்டர் என்று சான்றிதழ் காட்ட வேண்டும். லைன்மேன் மேல் கரண்ட் பாயக் கூடாது என்பதற்காகவே அந்தச் சான்றிதழ். அதே லைன்மேனை அதே தெருவில் கொல்லக்கூடிய ஜெனரேட்டருக்கு ஒரு கேள்வி கூட இல்லை.

புதிய சட்டம் எதுவும் வேண்டாம். 2024-ல் பெயர் மாறித் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகமாகிவிட்ட மின்வாரியத்தின் ஊழியர், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க ஒவ்வொரு மீட்டர் போர்டுக்கும் வருகிறார். அப்போதே ஜெனரேட்டர் உண்டா, சேஞ்ச்ஓவர் உண்டா என்று இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். உண்டு என்ற வீட்டு மீட்டர் போர்டில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். பில்லர் பாக்ஸ் கதவின் உட்புறம், அதிலிருந்து பிரியும் எந்தெந்த சர்வீஸில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று ஒரு பட்டியல். வெளிமாவட்டத்திலிருந்து புயல் வேலைக்கு வருபவர் அந்தக் கதவைத் திறந்ததும் முதலில் அதைப் படிப்பார். சேஞ்ச்ஓவர் இல்லாத வீட்டுக்கு அபராதம் போடுவதைவிட, மின்கட்டணத்தோடு தவணையில் கழியும்படி வாரியமே ஒன்றை மாட்டிக் கொடுத்தால் ஜனங்கள் மறைக்காமல் சொல்வார்கள். ஜெனரேட்டர் விற்கும் கடைகளும், பில் போடும்போதே ஒரு சேஞ்ச்ஓவர் சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தால், அந்த இருமுனைப் பிளக் வயருக்கு வேலை இருக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பரில் மழைக்கால முன்னேற்பாடு என்று பிரிவு அலுவலகங்களில் நடக்கும் கூட்டங்களில் கம்பம், கண்டக்டர், மரக்கிளை எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பிரிவுகளிலாவது அதோடு வீட்டு ஜெனரேட்டர்களையும் ஒரு வரியாகச் சேர்த்துப் பார்க்கலாம்.